பாங்காக் ஆற்றங்கரையை ஒரே நாளில் பார்ப்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் தடவை அப்பா அம்மாவோடு பாங்காக் போனபோது, சாவ் பிரயா ஆற்றங்கரையில் இருக்கும் அரண்மனையையும் கோயில்களையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. பாங்காக்கில் இருந்த கடைசி நாளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். பத்தரை மணிக்கு அரண்மனை மதிலோரம் நடந்துகொண்டிருந்தோம். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் எதிரே வந்து வணக்கம் சொன்னார். "இன்றைக்குப் பிக்குகளின் பூஜை, ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்" என்றார். அதுவரை மூன்று கோயில் பார்த்துவிட்டு வரலாம், 20 பாட்தான் (பாட் தாய்லாந்துப் பணம்) என்று டுக் டுக் என்கிற மூன்று சக்கர ஆட்டோ ஒன்றையும் கைகாட்டி நிறுத்தினார். ஏறிவிட்டோம். ஒரு சின்னக் கோயில், அப்புறம் ஒரு ரத்தினக் கடை, அப்புறம் ஒரு தையல் கடை. மறுபடி அரண்மனை வாசலுக்கு வந்தபோது மணி 3:40. டிக்கெட் கொடுப்பதை 3:30க்கே நிறுத்தியிருந்தார்கள். காலையில் 8:30 முதல் அது திறந்தேதான் இருந்திருக்கிறது. அம்மா வெளியே நின்று பொன்னிறக் கூர்நுனிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டாம் தடவை அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடு போனேன். அதே இடங்களைக் காலை ஏழேகாலுக்குத் தொடங்கி, இரவு எட்டு மணிக்குள் நிதானமாகப் பார்த்து முடித்தோம். எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எந்த நேரத்துக்குப் போவது என்பது தெரிந்தால் போதும். நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்: காகிதங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பிவரும் விமான டிக்கெட், தங்கும் விடுதி பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவில் கேட்டால் போனில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். விசா விதிகளைத் தாய்லாந்து அவ்வப்போது மாற்றுகிறது. டிக்கெட் போடும் வாரத்தில் அவர்களுடைய தூதரகத் தளத்தில் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது மின்னணு வருகை அட்டை. 2025 மே 1 முதல் இது கட்டாயம், விமானத்தில் காகிதப் படிவம் கிடையாது. தாய்லாந்துக்குள் போகும் ஒவ்வொரு வெளிநாட்டவரும், கைக்குழந்தை உட்பட, இதை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

ஒன்று, கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் தனியார் தளங்கள். பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். முகவரி "இமிகிரேஷன்.கோ.டிஎச்" என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டாலே அது வேறு தளம், உடனே மூடிவிடுங்கள்.

இரண்டு, நம் பெயர்ச் சிக்கல். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். நான் முதலில் அப்பா பெயரை அதில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் கடவுச்சீட்டில் இருப்பதோடு அது பொருந்தாது என்று உறைத்து, மறுபடி முதலிலிருந்து புதிதாக நிரப்பினேன். குடும்பப்பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு சிறுகோடு மட்டும் இட்டால் போதும். இனிஷியலை விரித்து எழுத வேண்டாம். கடவுச்சீட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே, அதே எழுத்துக்களில் போடுங்கள். விமான டிக்கெட்டிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று அப்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குடும்பமாகப் போனால் ஒரே தடவையில் எல்லோரையும் சேர்த்து நிரப்பலாம். முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கியூஆர் குறியீட்டைப் போனில் படமாகச் சேமித்து, ஒரு பிரதி அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கையில் காகிதமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் தெம்பாக இருக்கும்.

2. பணம், கார்டு, சிம்

ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று ரூபாய். கோயில், படகு, தெருக்கடை எல்லா இடத்திலும் ரொக்கம்தான் சுலபம். ஆளுக்கு 2,000 பாட் வீதம் இந்த ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டால் கவலை இல்லை. நாள் முடியும்போது மிச்சம் இருக்கும்.

நம் ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றினால் விலை அடிபடும். டாலராகக் கொண்டுபோய் மாற்றினோம், அது பரவாயில்லை. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்தவுடன் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களில் மாற்றாதீர்கள். ரயில் நிலையம் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் தனியார் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே விலை நன்றாக இருந்தது. வெளிநாட்டு கார்டு போட்டு ஏடிஎம்மில் எடுத்தால், ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரில் இருக்கும்போதே வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள். அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் ஓடிபி நம் இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அங்கத்திய சிம்மை மாட்டியிருந்தால் அவ்வளவுதான். அத்தானுக்கு இதுதான் நடந்தது. இரண்டு சிம் போடும் போன் என்றால் இந்திய சிம்மை உள்ளேயே விட்டு, ரோமிங்கில் செய்தி மட்டும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே தங்குவது

ஆற்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சபான் தக்சின் அல்லது சுராசக் மேம்பால ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். சபான் தக்சின் நிலையத்தின் படியிறங்கினால் சாத்தோர்ன் படகுத்துறை. முதல் தடவை சுகும்வித் பக்கம் தங்கி, ஆற்றங்கரைக்கு வரவே காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தோம்.

சுவர்ணபூமியில் இறங்கினால் விமான நிலைய ரயிலில் கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே மேம்பால ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் இன்னொரு தடவை மாறினால் சபான் தக்சின். நள்ளிரவுக்குப் பிறகு இறங்கினால் ரயில் இருக்காது. அப்போது விமான நிலையத்தின் டாக்ஸி வரிசைக்குப் போய், இயந்திரத்தில் சீட்டு எடுத்து ஏறுங்கள். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், விரைவுச்சாலைச் சுங்கமும் சேரும். சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் வண்டி எண் இருக்கும். மலிவு விமானங்கள் பல டான் முவாங் என்ற இன்னொரு விமான நிலையத்தில் இறங்கும். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு அறை தேடுங்கள்.

4. படகு: கொடியின் நிறத்தைப் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்களுக்கு அதிகம் குழப்பம் வரும் இடம் சாத்தோர்ன் துறை. ஒரே துறையில் பல விதப் படகுகள் வந்து நிற்கும். படகின் மேல் பறக்கும் கொடியின் நிறம்தான் அடையாளம்.

ஆரஞ்சுக் கொடி, ஊர்மக்கள் போகும் படகு. எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். காலை ஆறு மணி வாக்கில் தொடங்கி, மாலை இருட்டும் நேரம் வரை அடிக்கடி வரும். முக்கியமான எல்லாத் துறைகளிலும் நிற்கும். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

நீலக் கொடி, சுற்றுலாப் படகு. ஒரு நாள் முழுக்க ஏறி இறங்க 150 பாட் சீட்டு விற்பார்கள். இடவசதி இருக்கும், ஆங்கிலத்தில் அறிவிப்பு இருக்கும். ஒரே நாளில் ஐந்தாறு துறைகளில் ஏறி இறங்கப் போகிறவர்களுக்கு அது சரி. நான் சொல்லும் வழியில் நீங்கள் பெரும் படகில் ஏறப் போவது ஒரே தடவை, அதற்கு 150 வீண்.

மஞ்சள் கொடிப் படகு வேலைக்குப் போகிறவர்களுக்கானது, சில துறைகளில் நிற்காமல் போய்விடும். அவசரத்தில் ஏறிவிடாதீர்கள்.

துறைக்குள் நுழைந்தவுடன், "அரண்மனையா? இங்கே வாங்க" என்று முதலில் கூப்பிடுகிறவர்கள் நீலக் கொடிச் சீட்டு விற்கிறவர்களாகவோ தனிப்படகு பிடித்துக்கொடுப்பவர்களாகவோ இருப்பார்கள். புன்னகையோடு தலையசைத்துவிட்டு உள்ளே நடங்கள். ஆரஞ்சுக் கொடி வரிசை தனியாக இருக்கும். அங்கே மேசையில் சீட்டுக் கொடுத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் படகுக்குள் நடத்துனர் வருவார். நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டு வருவதால் தேட வேண்டியதே இல்லை. சில்லறை வைத்திருங்கள், 1,000 பாட் தாளை நீட்டினால் அவருக்குச் சிரமம்.

பெரியவர்களோடு போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். துறை மிதவை மேல் இருக்கிறது, படகும் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விரியும், சுருங்கும். படகு நிற்பதே அரை நிமிடம். பின்பக்கம் நிற்கும் ஆள் விசில் ஊதியதும் கிளம்பிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒருவர் முன்னால் ஏறிக் கை கொடுக்க, இன்னொருவர் பின்னால் பிடித்துக்கொள்ள என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் பயமில்லாமல் ஏறினார். புடவையை விடச் சுடிதார் நல்லது. இறங்க வேண்டிய துறைக்கு முந்தின துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். பிக்குகளுக்கென்று படகில் தனி இடம் இருக்கும், அதில் நிற்கக் கூடாது. பெண்கள் பிக்குகள் மேல் படாமல் ஒதுங்கி நிற்பது அங்கே மரியாதை.

5. காலை 7:15 சாத்தோர்ன், 8:30 அரண்மனை

ஏழேகாலுக்குத் துறையில் இருந்தால் எட்டு மணி வாக்கில் தா சாங் துறையில் இறங்கிவிடலாம். இறங்கியவுடன் சந்தைக் கடைகள். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு ஐந்து நிமிடம் நடந்தால் நா ஃப்ரா லான் சாலையில் அரண்மனை நுழைவாயில்.

கட்டணம் வெளிநாட்டவருக்கு 500 பாட். 120 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு இலவசம். எங்கள் அக்கா மகளை அளந்துதான் விட்டார்கள். டிக்கெட் கவுன்டர் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே யார் டிக்கெட் விற்றாலும் வாங்காதீர்கள். அரச நிகழ்ச்சி இருக்கும் நாட்களைத் தவிர அரண்மனை தினமும் திறந்திருக்கும், காலை 8:30 முதல் மாலை 3:30 வரை.

"இன்றைக்கு மூடியிருக்கிறது" என்று தெருவில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சீருடை போட்டிருக்கலாம், அட்டை மாட்டியிருக்கலாம், அழகான ஆங்கிலம் பேசலாம், நம் ஊர்ப் பெயர்கூடச் சொல்லலாம். நின்று பதில் பேசாமல் வாசல் வரை நடந்து, திறந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்கிற டுக் டுக் நகைக்கடையில்தான் போய் நிற்கும். அதில் போன நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. தோள் மறைய வேண்டும், முழங்கால் மறைய வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உடலை இறுக்கும் லெக்கிங்ஸ் எல்லாவற்றுக்கும் வாசலிலேயே தடை. ஆண்களும் முழுக்கால் சட்டை போட வேண்டும். மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், சட்டையாகவே தோளை மூட வேண்டும். எதிரே கடைகளில் தொளதொளக் கால்சட்டை கிடைக்கும், ஆனால் அந்த நேரத்துக் கூட்டத்தில் அலைய வேண்டாமே. பருத்திச் சுடிதார் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடுகிறது. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போடுங்கள், அன்றைக்கு மட்டும் பல தடவை கழற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே போனதும் முதலில் மரகத புத்தர் இருக்கும் வாட் ஃப்ரா கேவ் சன்னதிக்குப் போய்விடுங்கள் (வாட் என்றால் கோயில்). ஒன்பதரைக்கு மேல் குழுக்கள் வந்து இறங்கிவிடும், அப்புறம் உட்கார இடம் இருக்காது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது கால் நீட்டி, பாதம் புத்தர் பக்கம் காட்டக் கூடாது.

பிறகு சுற்றுப் பிராகாரம். எங்களுக்கு அன்றைய நாளிலேயே அதிக மகிழ்ச்சி கொடுத்த இடம் அதுதான். சுவர் நெடுக 178 ஓவியங்களில் ராமகியன், அதாவது தாய்லாந்தின் ராமாயணம். பெரும்பாலானவர்கள் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நமக்குக் கதை தெரியும் என்பதால் நின்று பார்க்க முடிகிறது. வெள்ளை நிற அனுமன், பச்சை நிற ராமன், தோசகன் என்ற பெயரில் ராவணன். சேது கட்டும் இடத்தை அம்மா தானாகவே கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அங்கே அனுமன் ஒரு மச்சகன்னியை மணக்கிறான், நம் அனுமனுக்கு இல்லாத கதை. நிழலான தாழ்வாரம், உட்காரத் திண்ணை இருக்கும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அந்த 500 பாட் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மதிலுக்குள்ளேயே இருக்கும் அரசி சிரிகித் நெசவு அருங்காட்சியகமும் அதில் அடங்கும். பட்டுச்சேலை பிடித்தவர்களுக்கு நல்ல இடம், குளிர்சாதனமும் உண்டு. வெயிலில் களைத்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து எழலாம். வார நாட்களில் சாலா சலோம்க்ருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாட்டிய நாடகத்துக்கும் அதே டிக்கெட் செல்லும். அதுவும் ராமாயணம்தான். இலவச வண்டி எப்போது கிளம்புகிறது என்று வெளியே வரும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு போனால் இது கிடைக்காது. அதனால் ஆற்றங்கரைக்கு ஒரு வார நாளை ஒதுக்குங்கள்.

6. பதினொன்றரைக்கு வாட் போ

அரண்மனை மதிலோரமாகத் தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடை. இந்த நடையிலும் "மூடியிருக்கிறது" ஆட்கள் வருவார்கள். கட்டணம் 300 பாட். பழைய வலைப்பதிவுகளில் 200 என்றும் 100 என்றும் இருக்கும், 2024இல் ஏற்றிவிட்டார்கள். மாலை ஆறுக்குப் பிறகும் திறந்திருப்பதால், அரண்மனையில் தாமதமானாலும் பதற வேண்டாம்.

இங்கே படுத்த நிலையில் இருக்கும் சயன புத்தர் சிலை 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். முதலில் முகத்தின் பக்கம் நெரிசலாக இருக்கும், கால் பக்கம் போனால் மூச்சு விடலாம். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த 108 சின்னங்கள் இருக்கின்றன. பின்பக்கச் சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு குவளை நிறையச் சில்லறைக் காசு தருவார்கள், கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்தது. காசு விழும் ஓசை அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்.

அதைப் பார்த்ததும் வெளியேறிவிடாதீர்கள். பின்னால் முற்றங்களும் ஸ்தூபிகளும் பரந்து கிடக்கின்றன, கூட்டமே இருக்காது. தாய் மசாஜ் பள்ளி இந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அம்மா அரை மணி நேரம் கால் பிடித்துக்கொண்டார். மதியம் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் நுழைந்தவுடன் அங்கே போய் நேரம் வாங்கிக்கொண்டு, பிறகு சுற்றிப் பாருங்கள்.

7. மூன்றரைக்கு அக்கரை: வாட் அருண்

பலர் செய்யும் தவறு, வாட் போ முடிந்தவுடன் உச்சி வெயிலில் வாட் அருண் போவது. அங்கே நிழல் குறைவு, படிகள் செங்குத்து, தரை காய்ந்து கிடக்கும். வாட் போவுக்குப் பக்கத்தில் இருக்கும் தா தியன் படகுத்துறைப் பக்கம் சாப்பிட்டுவிட்டு, இளைப்பாறி, மூன்றரைக்குக் கிளம்புங்கள்.

தா தியனிலிருந்து அக்கரைக்குக் கடத்துப் படகு 5 பாட்தான். ஐந்து நிமிடத்தில் போய்விடும். துறை வாசலிலேயே "வாட் அருண் போக 200 பாட், கால்வாயும் காட்டுகிறோம்" என்று நீளவால் படகுக்காரர்கள் மறிப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் கடத்துப் படகின் கவுன்டர்.

வாட் அருண் கட்டணம் 200 பாட், மாலை 6 மணி வரை. பீங்கான் துண்டுகளைப் பூவாக ஒட்டி அலங்கரித்த பெரிய கோபுரம் அது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம். கிட்டே போனால்தான் உடைந்த தட்டுகளும் கிண்ணங்களும் இதழ் இதழாக இருப்பது தெரியும். ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம், கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்ச்சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அழகெல்லாம் அங்கேயே இருக்கிறது.

வாசலில் தாய் பாரம்பரிய உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. உடைக்கு ஒரு விலை, தலை அலங்காரத்துக்கு ஒரு விலை, படம் எடுப்பவருக்கு ஒரு விலை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிக்குள் திருப்ப வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஐந்தரைக்கு மறுபடி 5 பாட் கொடுத்துத் தா தியனுக்கே திரும்புங்கள். ஏனென்றால் சூரியன் மறைவது வாட் அருணுக்குப் பின்னால். அந்தக் காட்சி இக்கரையிலிருந்துதான் தெரியும். மாடி உணவகங்களில் இடம் பிடிக்க முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம். துறையருகே நின்றாலே போதும். இருட்டத் தொடங்கியதும் கோபுரத்துக்கு விளக்குப் போடுவார்கள்.

8. ஆளுக்கு எவ்வளவு ஆகும்

அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. நுழைவு மட்டும் 1,000 பாட். பெரும் படகு 16, கடத்துப் படகு போகவர 10, இரவு மெட்ரோ 40க்குள். சாப்பாடு, தண்ணீர், இளநீர் எல்லாம் சேர்த்து 200 முதல் 300. ஆக 1,300 பாட் வாக்கில் முடிந்துவிடும். பெரியவர்களோடு போய் மசாஜ், நீளவால் படகு என்று சேர்த்தால் அது தனி.

நீளவால் படகில் கால்வாய்களைச் சுற்றிப் பார்ப்பது நல்ல அனுபவம், ஆனால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். விலை படகுக்கா, ஆளுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். எங்களிடம் 2,500 என்று தொடங்கி, ஒரு மணி நேரத்துக்கு 1,200 பாட் என்று முடிந்தது, ஆறு பேருக்கும் சேர்த்து. எந்தக் கால்வாய், எங்கெல்லாம் நிறுத்துவார்கள், எந்தத் துறையில் இறக்குவார்கள் என்பதையும் ஏறும் முன் பேசிவிட வேண்டும். மரக்கறிப் படகுச் சந்தை என்று சொல்லி ஒரே ஒரு கடைப் படகைக் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு.

9. சைவச் சாப்பாடு

"காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது அசைவம் என்றே தோன்றாது. "ஜே" என்று சொல்லுங்கள். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் சேராத சைவம் என்று பொருள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லைப் பொறித்த கடைகள் இருக்கும், போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஜே உணவில் வெங்காயம் பூண்டும் இருக்காது.

நம் சுவைதான் வேண்டும் என்றால் நினைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் பஹுரத் என்ற இந்தியக் கடைத்தெரு இருக்கிறது. வட இந்தியச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். அங்குள்ள பெரிய குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) காலையில் லங்கர் என்கிற இலவசச் சாப்பாடு உண்டு.

10. இரவில் பூச்சந்தை, திரும்பும் வழி

சூரியன் மறைந்த பிறகு ஆரஞ்சுக் கொடிப் படகுக்காகத் துறையில் காத்து நிற்காதீர்கள், சேவை முடிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் டாக்ஸிகளும் மீட்டர் போடாமல் பேரம் பேசுவார்கள். தா தியனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சனாம் சாய் மெட்ரோ நிலையம். நள்ளிரவு வரை ரயில் உண்டு. சிலோம் நிலையத்தில் இறங்கி, சாலா தேங் மேம்பால ரயிலுக்கு மாறினால் சபான் தக்சின். மெட்ரோவில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை வாயிலில் தொட்டாலே போதும்.

ஆனால் ரயில் ஏறும் முன் பாக் க்லோங் தலாத் பூச்சந்தையைப் பார்த்துவிடுங்கள். சனாம் சாயிலிருந்து சில நிமிட நடைதான். கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், இரவில்தான் களைகட்டும். மூட்டை மூட்டையாகச் சாமந்தி, தாமரை மொட்டு, ரோஜா. மல்லிகையைச் சரமாகத் தொடுத்து முழம்போட்டுக் கேட்டால் கிடைக்காது, மொட்டாகவே பையில் போட்டுக் கொடுப்பார்கள். அம்மா ஒரு பை வாங்கி, சந்தை ஓரத்தில் நூலும் கேட்டு வாங்கி, அறைக்கு வந்து தொடுத்தார்.

மறுநாள் காலை அந்தச் சரத்தை சிலோம் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். தமிழர்கள் கட்டிய கோயில். சபான் தக்சினிலிருந்து ஒரே நிலையம் தள்ளி சுராசக்கில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வாசலிலும் பூத்தட்டு விற்பார்கள், இருந்தாலும் பூச்சந்தையில் முந்தின இரவே வாங்கிவிட்டால் பாதி விலை.

11. எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழையோடு ஆறும் நிறைந்து ஓடும், தாழ்வான துறைகளில் தண்ணீர் ஏறிவிடும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் என்கிற தாய்லாந்துப் புத்தாண்டு, ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் கோயில்களை நிதானமாகப் பார்க்க அது நேரமில்லை. நவம்பர் வாக்கில் பௌர்ணமியன்று வரும் லோய் க்ரத்தோங் விழாவில் ஆற்றில் விளக்கு மிதக்க விடுவார்கள். அன்றைக்கு மாலை போகிறவர்கள் துறைகளில் நெரிசலைத் தவிர்க்க நாலு மணிக்கே கரையில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். வாழைத்தண்டில் செய்த மிதவைகளைக் கரையிலேயே விற்பார்கள்.